சோமனூர் வீட்டுக்கு எந்த டர்ன்டேபிள்?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாக எழுதிக்கொள்கிறேன். அப்பாரு காலமான பிறகு அட்டாலியை ஒழுங்குசெய்தபோது ஒரு தகரப் பெட்டி நிறைய இசைத்தட்டுகள் கிடைத்திருக்கின்றன. அவற்றைப் போட்டுக் கேட்க இருபதாயிரம் ரூபாய்க்குள் ஒரு டர்ன்டேபிள் வேண்டும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் சூட்கேஸ் வடிவப் பெட்டியை வாங்குவதா, தை மாதம் அமெரிக்காவிலிருந்து வரும் மச்சான் கொண்டுவருவதாகச் சொல்லும் பழைய பெல்ட் டிரைவ் (மோட்டார் ஒரு ரப்பர் பெல்ட் வழியாகத் தட்டைச் சுழற்றும்) கருவியை ஏற்றுக்கொள்வதா, புதிதாகவே ஒன்றை வாங்குவதா என்பது உங்கள் கேள்வி. வீட்டை ஒட்டிய கூடத்தில் எட்டு விசைத்தறிகள் ஓடுகின்றன என்பதையும் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அதைப் பற்றித்தான் நான் அதிகம் எழுத வேண்டியிருக்கும்.

நான் கோவையில் ஒரு நூற்பாலையின் மின்பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இசைத்தட்டு கேட்பது முப்பது ஆண்டுப் பழக்கம். ஆகவே நான் சொல்வதில் பாட்டைவிட மோட்டாரும் பெல்ட்டும் சற்று அதிகமாகவே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கருவி என்பதை உங்கள் இருபதாயிரம் ரூபாய் தீர்மானிப்பதற்கு முன்பாக அந்தத் தகரப் பெட்டி தீர்மானித்துவிடும். பெட்டியில் நாற்பது தட்டுகளும், அவற்றோடு "கனமான, கறுப்பான, ஓரம் உடைந்த பத்துப் பதினைந்து தட்டுகளும்" இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கனமான தட்டுகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழல வேண்டிய பழைய கிராமபோன் தட்டுகளாக இருக்கும். பத்து அங்குல அகலம், பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடம், அதாவது ஒரு பாட்டு அல்லது அரைப் பாட்டு. அவை அரக்கைச் சேர்த்துச் செய்யப்பட்டவை. வளையமாட்டா, கீழே விழுந்தால் ஓடு போல உடைந்துவிடும். மற்றவை வினைல் தட்டுகள். அவற்றில் பன்னிரண்டு அங்குல எல்.பி. 33⅓ சுற்றிலும், ஏழு அங்குல இ.பி. பெரும்பாலும் 45 சுற்றிலும் ஓடும். எல்.பி. 1948-லும் 45 சுற்றுத் தட்டு 1949-லும் அமெரிக்காவில் அறிமுகமாயின என்றாலும், நம் நாட்டில் 78 தட்டுகள் 1960-களிலும் வெளிவந்துகொண்டுதான் இருந்தன. பீட்டில்ஸ் பாட்டுகளைக்கூட இங்கே 78 தட்டாக அச்சிட்டார்கள். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இன்றும் அவற்றைத் தேடி அலைகிறார்கள். ஆகவே உங்கள் அப்பாருவின் பெட்டியில் இரண்டு வகையும் கலந்து கிடப்பதில் வியப்பொன்றுமில்லை. கொடுமுடியில் பிறந்த கே. பி. சுந்தராம்பாளின் பெயர் ஒரு தட்டில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அதை எடுத்துப் பாருங்கள். அது 78 தட்டாக இருந்தால், இன்று கடையில் கிடைக்கும் மலிவான புதிய கருவிகளில் பெரும்பாலானவற்றில் அதை முறையாகப் போட முடியாது.

இதற்குக் காரணம் வேகம் மட்டுமல்ல, ஊசியும்தான். எல்.பி. தட்டுக்கான ஊசியின் முனை ஏறத்தாழ 18 மைக்ரான் ஆரம் கொண்டது. 78 தட்டுக்கான ஊசி ஏறத்தாழ 75 மைக்ரான். நான்கு மடங்கு வேறுபாடு. எல்.பி. ஊசியை 78 தட்டில் வைத்தால், அது பள்ளத்தின் இரு சுவர்களையும் தொடாமல் அடியில் இறங்கி, அங்கே எழுபது ஆண்டுகளாகச் சேர்ந்த அழுக்கைத்தான் வாசிக்கும். மாறாக 78 ஊசியை எல்.பி. தட்டில் வைத்தால் தட்டே பாழாகிவிடும். அந்தக் காலத்து வீட்டுப் பெட்டிகள் பலவற்றில் ஊசியருகே ஒரு சிறு திருகு இருக்கும். ஒரு பக்கம் திருப்பினால் 78 ஊசி, மறுபக்கம் எல்.பி. ஊசி. இன்றைய கருவியில் அந்த வசதியை நாமேதான் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்.

சூட்கேஸ் பெட்டியைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. பெரும்பாலானவற்றில் 78 வேகம் இருக்கும், உள்ளேயே ஸ்பீக்கர் இருக்கும், பார்க்கவும் அழகாக இருக்கும். ஆனால் அவற்றில் போடப்படுவது செராமிக் கார்ட்ரிட்ஜ் (ஊசியின் அதிர்வை மின்குறியாக மாற்றும் பகுதிதான் கார்ட்ரிட்ஜ்). அது வலுவான மின்குறியைத் தருவதால் மின்குறியைப் பெருக்கும் தனி ப்ரீஆம்ப் தேவைப்படுவதில்லை. அதனால்தான் விலை குறைகிறது. அதற்கு ஈடாக ஊசி தட்டின் மீது 5 கிராம் அளவுக்கு அழுந்துகிறது. நல்ல காந்தக் கார்ட்ரிட்ஜ் ஒன்று 2 கிராமில் வேலையை முடித்துவிடும். ஆலையில் வேலை பார்த்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம்: தடித்த இருபதாம் நம்பர் நூலுக்குரிய கனமான டிராவலரை (நூல் ஊடே ஓடும் சிறு கம்பி வளையம்) மெல்லிய எண்பதாம் நம்பர் நூலுக்குப் போட்டால் என்ன ஆகுமோ, அதுதான் இங்கேயும். ஊசியைத் தாங்கும் கையில் எதிர்எடை கிடையாது, அழுத்தத்தைக் குறைக்க வழி கிடையாது. சுழலும் தட்டும் எல்.பி.யைவிடச் சிறியதாக இருப்பதால் தட்டின் ஓரம் அந்தரத்தில் தொங்கும். ஒரு முறை போட்டால் தட்டு அழிந்துவிடும் என்று சிலர் பயமுறுத்துவது மிகை. எழுபதுகளில் எச்.எம்.வி. ஃபியஸ்டா போன்ற பெட்டிகளில் ஓடித் தேய்ந்த தட்டுகள்தாம் நம்மில் பலரிடம் இருக்கின்றன. அவை இன்னும் பாடுகின்றன. ஆனாலும் மீண்டும் வாங்க முடியாத குடும்பத் தட்டுகளை அதில் போட வேண்டாம் என்பதே என் கருத்து.

இனி மச்சான் கொண்டுவரும் கருவி. இதில் நானே ஏமாந்திருக்கிறேன். தொண்ணூறுகளில் வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பெல்ட் டிரைவ் கருவியை ஒரு பழைய சாமான் கடையில் வாங்கினேன். 120 வோல்ட் கருவி என்பதால் கூடவே ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மரையும் கட்டிக் கொடுத்து, இனி எந்தச் சிக்கலும் வராது என்று கடைக்காரர் சொன்னார். வீட்டில் போட்டால் பாடகர் தூக்கக் கலக்கத்தில் பாடுவதுபோல இழுத்தது. நாள் முழுவதும் மோட்டார்களோடு பிழைக்கிற எனக்கு அது முன்பே தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் மாற்றும், அலைவெண்ணை மாற்றாது. அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நம்முடையது 50 ஹெர்ட்ஸ். அக்காலப் பெல்ட் டிரைவ் கருவிகள் பலவற்றில் இருப்பது சிங்க்ரோனஸ் மோட்டார். அதன் வேகம் அலைவெண்ணோடு பூட்டப்பட்டது. ஆகவே 33⅓ சுற்று ஓட வேண்டிய தட்டு ஆறில் ஐந்து பங்கு வேகத்தில், அதாவது 27.8 சுற்றில்தான் ஓடும். சுருதி ஏறக்குறைய மூன்று அரைச்சுரம் இறங்கிவிடும். ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டையில் பாடுவதுபோலக் கேட்கும்.

இதைக் கண்டறிய எந்தக் கருவியும் வேண்டாம். தட்டின் ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிவையுங்கள். அது உங்களைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் எண்ணுங்கள். 33⅓ சுற்று என்றால் நூறு சுற்றுக்குச் சரியாக 180 வினாடி ஆக வேண்டும். 60 ஹெர்ட்ஸ் மோட்டாரை நம் மின்சாரத்தில் ஓட்டினால் அதே நூறு சுற்றுக்கு 216 வினாடி ஆகும். என் கருவி 216 காட்டியது.

அதைச் சரிசெய்ய முடியாது என்றில்லை. மோட்டாரின் தண்டில் இருக்கும் கப்பியை ஆறுக்கு ஐந்து என்ற விகிதத்தில் பெரிதாக்கினால் போதும். பீளமேட்டில் ஒரு லேத் பட்டறையில் பித்தளையில் கடைந்து வாங்கினேன். பழைய கப்பியின் விட்டம் 10 மில்லிமீட்டர். ஆகவே 12 போதும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தேன். மாட்டி எண்ணிப் பார்த்தால் நூறு சுற்றுக்குக் கிட்டத்தட்ட 182 வினாடி ஆயிற்று. பெல்ட்டின் கனத்தைக் கணக்கில் சேர்க்க மறந்திருந்தேன். பெல்ட் சுற்றும்போது கப்பியின் விட்டத்தோடு பெல்ட்டின் கனமும் சேர்ந்துதான் வேகத்தைத் தீர்மானிக்கிறது. இரண்டாவது முறை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கூட்டிக் கடைந்த பிறகு 180-க்கு வந்தது. 45 சுற்றுக்கான படியையும் அப்படியே கடைய வேண்டியிருந்தது. பட்டறைக்காரர் இதற்கு வாங்கிய கூலி மிகக் குறைவு. ஆனால் இவ்வளவு சின்னதை எதற்கு இவ்வளவு துல்லியமாகக் கேட்கிறார் என்று அவர் என்னைப் பார்த்த பார்வை இன்றும் நினைவிருக்கிறது.

ஆகவே மச்சானிடம் கருவியின் பின்புறம் அல்லது அடிப்புறத்தில் உள்ள விவரத் தகட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதில் "50/60 ஹெர்ட்ஸ்" என்று இருந்து, கருவி குவார்ட்ஸ் கட்டுப்பாடுள்ள டைரக்ட் டிரைவாகவோ (பெல்ட் இல்லாமல் மோட்டாரே நேராகத் தட்டைச் சுழற்றுவது), அடாப்டரில் ஓடும் டி.சி. மோட்டார் உள்ளதாகவோ இருந்தால் அலைவெண் சிக்கல் இல்லை; வோல்டேஜை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். "120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்" என்று மட்டும் இருந்தால், கப்பி கடையும் வேலையில் உங்களுக்கு ஆர்வம் இருந்தால் ஒழிய வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஜப்பானிலிருந்து வரும் பழைய கருவிகள் 100 வோல்ட் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பழைய கருவியானாலும் பெல்ட்டைப் புதிதாக மாற்ற வேண்டியிருக்கும். ஆலையில் கதிரைச் சுழற்றும் ஸ்பிண்டில் டேப் தளர்ந்தால் நூலில் முறுக்குக் குறைவதுபோல, ரப்பர் தளர்ந்தால் சுருதி அலையும். ஊசியையும் மாற்றித்தான் ஆக வேண்டும், விற்பவர் எத்தனை சத்தியம் செய்தாலும்.

புதிய கருவிகளில் உங்கள் தொகைக்குப் பொருந்தக்கூடியது ஆடியோ-டெக்னிகாவின் ஏ.டி-எல்.பி.60எக்ஸ். பெல்ட் டிரைவ், முழுத் தானியங்கி. பொத்தானை அழுத்தினால் கை தானே போய்த் தட்டில் அமர்ந்து, முடிந்ததும் தானே திரும்பிவிடும். ஊசி ஏறத்தாழ 3 கிராம் அழுத்தத்தில் ஓடும் காந்த வகை. ப்ரீஆம்ப் உள்ளேயே இருக்கிறது; வேண்டாதபோது அதை ஒரு பொத்தானால் விலக்கிக்கொள்ளலாம். அடாப்டரில் ஓடுவதால் 50 ஹெர்ட்ஸ், 60 ஹெர்ட்ஸ் தொல்லை கிடையாது. ஊசியை மாற்றலாம், ஆனால் கார்ட்ரிட்ஜை மாற்ற முடியாது. அழுத்தத்தைத் திருத்த முடியாது. 78 வேகமும் கிடையாது. வினைல் தட்டுகள் மட்டும் இருக்கும் ஒருவருக்கு, முதல் கருவியாக இதைத் தயங்காமல் சொல்வேன். இதன் எளிமையை ஏளனம் செய்பவர்கள் உண்டு. வயதான அம்மாவோ சின்னக் குழந்தையோ ஊசியைத் தவறவிடாமல் பாட்டுக் கேட்கிற வீட்டில் அந்தத் தானியங்கிக் கையின் அருமை தெரியும்.

உங்கள் பெட்டியில் இருப்பவற்றுக்குப் பொருத்தமானது, அதே நிறுவனத்தின் ஏ.டி-எல்.பி.120எக்ஸ். இது டைரக்ட் டிரைவ். 33⅓, 45, 78 மூன்று வேகமும் உண்டு. எதிர்எடையைத் திருகி அழுத்தத்தை அமைத்துக்கொள்ளலாம். கையின் முனையில் கார்ட்ரிட்ஜைத் தாங்கும் ஹெட்ஷெல்லைக் கழற்றி மாட்டலாம். இதோடு வரும் வி.எம்.95 வகைக் கார்ட்ரிட்ஜின் நல்ல அம்சம், அதன் உடலை அப்படியே வைத்துக்கொண்டு ஊசிப் பகுதியை மட்டும் உருவி மாற்றலாம் என்பது. 78 தட்டுக்கென்றே அகன்ற முனையுள்ள ஊசி அதற்குத் தனியாகக் கிடைக்கிறது. எல்.பி.க்கு 2 கிராம். 78 ஊசியை மாட்டும்போது 5 கிராம் அளவுக்கு அழுத்தத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். மேலே 5 கிராமைக் குறை சொன்னவன் இங்கே அதையே பரிந்துரைக்கிறேனே என்று நினைக்க வேண்டாம். அகன்ற முனையும் அகன்ற பள்ளமும் உள்ள இடத்தில் அந்த எடை பரவிவிடுகிறது. விலைதான் சங்கடம்: எல்.பி.60எக்ஸைப்போல ஏறத்தாழ இரட்டிப்பு ஆகும். ரேகா பிளானர் 1 போன்றவை ஒலியில் மேம்பட்டவை என்று பலர் சொல்வதை நானும் ஏற்கிறேன். ஆனால் அதில் 78 வேகம் இல்லாததால் உங்களுக்கு அது உதவாது.

ஆகவே என் முடிவு இது. அந்தப் பத்துப் பதினைந்து தட்டுகளைக் கேட்பது உங்களுக்கு முக்கியமில்லை, சுவரில் மாட்டி அழகு பார்த்தால் போதும் என்றால், இன்றே எல்.பி.60எக்ஸை வாங்குங்கள். சுந்தராம்பாளின் குரல்தான் இந்தத் தேடலுக்கே காரணம் என்றால், இருபதாயிரத்தை இப்போது செலவழிக்காமல் தீபாவளி போனஸ் வரை பொறுத்திருந்து மூன்று வேகக் கருவியாக வாங்குங்கள். இப்போது ஒன்று, பிறகு ஒன்று என்று வாங்கினால் முதலாவது அட்டாலிக்குத்தான் போகும்.

இனி தறிகள். டர்ன்டேபிளின் ஊசி என்பது அதிர்வை மின்சாரமாக மாற்றும் கருவி; பள்ளத்திலிருந்து வரும் அதிர்வு எது, தரையிலிருந்து வரும் அதிர்வு எது என்று அதற்குத் தெரியாது. சாதா விசைத்தறி நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் அடிக்கிறது. எட்டுத் தறிகள் ஒன்றுக்கொன்று முன்பின்னாக அடிக்கும்போது அந்த அதிர்ச்சி அடித்தளம் வழியாக உங்கள் வீட்டுத் தரைக்கும், தரையிலிருந்து மேசைக்கும், மேசையிலிருந்து ஊசிக்கும் வந்து சேரும். இது காதுக்குப் பெரும்பாலும் கேட்காது. ஆனால் ஸ்பீக்கரின் பெரிய கூம்பு முன்னும் பின்னும் நடுங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். ஆம்ப்ளிஃபயரின் ஆற்றல் அந்த வீண் நடுக்கத்துக்கே செலவாகும். பாட்டு கலங்கிக் கேட்கும்.

கருவியை எங்கே வைப்பது என்பதை வாங்கிய அன்றே சோதித்துவிடலாம். தறி ஓடும் நேரத்தில், அவ்வளவாகத் தேவைப்படாத ஒரு தட்டைப் போட்டு, மோட்டாரை ஓடவிடாமல், நின்றிருக்கும் தட்டின் மீது ஊசியை மெல்ல இறக்கிவையுங்கள். ஒலியளவை வழக்கமாகக் கேட்கும் அளவுக்கு மெதுவாகக் கூட்டுங்கள். ஸ்பீக்கரிலிருந்து "தடக் தடக்" என்ற ஓசை வந்தால், அல்லது கூம்பு நடுங்கினால், அந்த இடம் ஆகாது. கருவியைத் தூக்கி அடுத்த அறைக்குக் கொண்டுபோய் அதையே செய்யுங்கள். கூடத்தை ஒட்டிய சுவரில் அலமாரி அடிக்க வேண்டாம். எதிர்ப்புறச் சுவரில், தரையைத் தொடாமல் அடித்த கனமான அலமாரி பெரும்பாலும் மேசையைவிட நல்லது. அதுவும் போதாவிட்டால் ஒரு கடப்பைக்கல் பலகையை வாங்கி, அதன் கீழே பாதிக் காற்று அடித்த சைக்கிள் டியூபை வைத்து, பலகையின் மேல் கருவியை வையுங்கள். பார்க்க விநோதமாக இருக்கும். ஆனால் வேலை செய்யும். காற்றை அதிகமாக அடித்தால் டியூப் கல்லாகிவிடும், பயனில்லை. கல்லின் மீது ரசமட்டம் வைத்து நாலு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டியூபின் காற்று நாளாக ஆக இறங்கும் என்பதால் அவ்வப்போது திரும்பவும் பார்க்க வேண்டியிருக்கும். ஸ்பீக்கர்களை எக்காரணத்தைக் கொண்டும் அதே பலகையில் வைக்காதீர்கள்.

தறிக்கூடத்திலிருந்து வரும் பஞ்சுத் தூசி இன்னொரு சங்கதி. ஊசிமுனையில் ஒரு சிறு பஞ்சுச் சுருள் சேர்ந்துவிட்டால் பாட்டு மழுங்கிப் போகும். ஊசி பள்ளத்தை விட்டு மேலெழும்பி வழுக்கும். கருவியின் மூடியை மூடியே வையுங்கள். ஒவ்வொரு பக்கமும் போடுவதற்கு முன்பு கார்பன் இழைத் தூரிகையால் தட்டைத் துடையுங்கள். ஊசியைப் பின்னாலிருந்து முன்னோக்கி மட்டும் மென்மையான தூரிகையால் தடவுங்கள். விரலால் தொட வேண்டாம்.

மூன்று வேகக் கருவியை வாங்கினால் அழுத்தத்தை நீங்களே அமைக்க வேண்டும். பயப்பட ஒன்றுமில்லை. ஊசியின் உறையைக் கழற்றிவிட்டு, வழுக்குவிசைத் திருகைச் (ஆன்டி-ஸ்கேட்; கை தட்டின் நடுவை நோக்கி இழுபடுவதை ஈடுசெய்வது) சுழியில் வைத்து, கையின் பின்னால் உள்ள எதிர்எடையைத் திருகிக்கொண்டே போனால் ஓரிடத்தில் கை மேலும் போகாமல் கீழும் போகாமல் தராசுக் கோல் போல அந்தரத்தில் நிற்கும். அப்போது எதிர்எடையின் முன்னால் உள்ள எண் வளையத்தை மட்டும் சுழிக்குக் கொண்டுவந்து, பிறகு எடையையும் வளையத்தையும் சேர்த்துத் திருகி 2 என்ற எண்ணுக்கு வர வேண்டும். வழுக்குவிசைத் திருகையும் 2-க்கு வையுங்கள். ஊசி அழுத்தம் அளக்கும் சிறு மின்தராசு மலிவாகக் கிடைக்கிறது. ஒன்று வாங்கிச் சரிபார்ப்பது நல்லது. குறைந்த அழுத்தம் தட்டுக்குப் பாதுகாப்பு என்று எண்ணி 1 கிராமுக்கு இறக்கிவிடாதீர்கள். ஊசி பள்ளத்துக்குள் துள்ளித் துள்ளி இரண்டு பக்கச் சுவரையும் இடிக்கும். அந்தச் சேதம் கூடுதல் எடையால் வரும் தேய்மானத்தைவிடக் கொடியது.

உங்களிடம் இருக்கும் பவர்டு ஸ்பீக்கர் (ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே உள்ளது) போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதும், ப்ரீஆம்ப் இடையில் இருக்கும்வரை. காந்தக் கார்ட்ரிட்ஜ் தருவது 4, 5 மில்லிவோல்ட்தான். போதாததற்கு, எல்.பி. பதிவு செய்யும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உயர்ந்த ஒலிகளைக் கூட்டியும் பதிகிறார்கள்; 1954-இல் நிலைப்பட்ட ஆர்.ஐ.ஏ.ஏ. முறை இது. ப்ரீஆம்ப் அதைத் தலைகீழாகத் திருப்பிக் கொடுக்கிறது. அதனால்தான் கருவியை ப்ரீஆம்ப் இல்லாமல் நேரடியாக ஸ்பீக்கரில் இணைத்தால் ஈ பறப்பதுபோலக் கீச்சென்று கேட்கும். மேலே சொன்ன இரண்டு கருவிகளிலும் ப்ரீஆம்ப் உள்ளேயே இருப்பதால் பின்னால் உள்ள பொத்தானை "லைன்" பக்கம் வைத்துவிட்டால் வேலை முடிந்தது. உங்கள் 78 தட்டுகள் பழையவையானால் அவை வேறு வேறு முறையில் பதியப்பட்டிருக்கும். டிரெபிளைச் சற்றுக் குறைத்துக் கேட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். இடது வலது இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கும் மோனோ பொத்தான் உங்கள் ஸ்பீக்கரில் இருந்தால் 78 போடும்போது அதை அழுத்துங்கள். இரைச்சல் கணிசமாகக் குறையும்.

இயந்திரத்துக்குச் செலவழித்த பிறகு கையில் மிஞ்சும் பணத்தை ஊசிக்கு வையுங்கள். வட்டமுனை ஊசி ஏறத்தாழ 500 மணி நேரமும், நீள்வட்ட முனை ஊசி 300 மணி நேரமும் உழைக்கும் என்று ஆடியோ-டெக்னிகா கணக்குச் சொல்கிறது. எல்.பி.யின் ஒரு பக்கத்தில் ஊசி ஏறத்தாழ 400 மீட்டருக்கு மேல் பயணம் செய்கிறது என்பதை எண்ணிப் பார்த்தால் இந்தக் கணக்கு நியாயமாகவே தோன்றும். நீங்கள் நாளொன்றுக்கு ஒரு எல்.பி. கேட்டால் நீள்வட்ட ஊசி ஓராண்டுக்குச் சற்று மேல் வரும். போட்ட தேதியை மூடியின் உட்புறத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். நான் அப்படிச் செய்யாமல் ஒரு தேய்ந்த ஊசியை ஓட்டி, நல்ல தட்டுகள் சிலவற்றைக் கெடுத்துக்கொண்டேன்.

தட்டுகளைத் துடைப்பது பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. வினைல் தட்டுகளைப் பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரில் ஒன்றிரண்டு துளி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, மென்மையான துணியால் பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடைத்து, வெறும் டிஸ்டில்டு வாட்டரில் மீண்டும் துடைத்துக் காயவிடலாம். லேபிளில் ஈரம் படக் கூடாது. 78 தட்டில் ஸ்பிரிட் அல்லது ஆல்கஹால் கலந்த எதையும் தொடவிடாதீர்கள். அரக்கு ஆல்கஹாலில் கரையும். தச்சர்கள் அரக்கைக் கரைத்து மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போடுவது இதே முறையில்தான். என் நண்பர் ஒருவர் பருத்தித் துணியில் ஸ்பிரிட் தொட்டு ஒரு பழைய தட்டை ஆசையாகத் துடைத்தார். துணி கறுத்தது, தட்டு பளபளத்தது, பாட்டு போய்விட்டது. அந்தத் தட்டுகளுக்கு ஈரம் பிழிந்த துணியும் உடனே துடைக்க ஒரு காய்ந்த துணியும் போதும்.

கருவி தீபாவளிக்கு வந்தாலும் தை மாதம் வந்தாலும், அந்தத் தகரப் பெட்டியை மட்டும் சித்திரைக்கு முன்பே அட்டாலியிலிருந்து இறக்கிவிடுங்கள். ஓட்டு வீட்டு அட்டாலியில் வெயில் காலத்தில் தேங்கும் சூட்டில், ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்த வினைல் தட்டுகள் கிண்ணம்போல வளைந்துவிடும். புத்தகத்தைப்போல நிறுத்தி, சாயாதபடி இறுக்கமாகவும் இல்லாமல் தளர்வாகவும் இல்லாமல், வெயில் படாத உள்சுவரை ஒட்டி வையுங்கள். 78 தட்டுகளையும் நிறுத்தியே வையுங்கள், ஆனால் எல்.பி.களோடு கலக்காமல் தனியாக. ஒவ்வொன்றுக்கும் ஒரு காகித உறை போட்டு, சுந்தராம்பாளின் தட்டை நடுவில் வைத்துவிடுங்கள், ஓரத்தில் இருப்பதுதான் எப்போதும் முதலில் இடிபடும்.